லால்பாக் பாறையிலிருந்து தொடங்கலாம்: பிள்ளைகளுக்கு நிலத்தோற்றங்களைக் கற்பிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவில் அல்சூர்ப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் நடத்திவரும் சிறு வகுப்பில், எழுத்துப் பயிற்சியோடு கொஞ்சம் நிலவியலும் சேர்ந்தே நடக்கிறது. பள்ளியில் ஆங்கில வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மலை, பீடபூமி, சமவெளி ஆகியவற்றின் வரையறைகள் மனப்பாடமாகவே இருக்கின்றன; ஆனால் அவை எப்படி உண்டாயின என்று கேட்டால், 'சாமி வைத்தது' என்பதில் தொடங்கி 'எரிமலை வெடித்து வந்தது' என்பது வரை விடைகள் வருகின்றன. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரும், நகரின் பிற பகுதிகளில் இதுபோல் வகுப்பெடுப்போரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

ஐந்து வயதுப் பிள்ளை மழைநாளில் வாசலில் ஓடும் தண்ணீருக்குக் காலால் அணை கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. பெயர்களும் காரணங்களும் எட்டு, ஒன்பது வயதில் நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் என்னும் கணக்கை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

நிலத்தோற்றம் என்றால் என்ன என்று எளிமையாக எப்படிச் சொல்வது?

நிலத்தின் மேற்பரப்பு ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் பரந்தும் கிடக்கிற வடிவமே நிலத்தோற்றம் என்று சொல்லலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை மூன்று நிலைகளாகப் பிரிக்கின்றன: கண்டங்களும் பெருங்கடல்களும் முதல்நிலை, மலை, பீடபூமி, சமவெளி ஆகியவை இரண்டாம் நிலை, பள்ளத்தாக்கு, கடற்கரை, மணல்மேடு போன்றவை மூன்றாம் நிலை. தேர்வுக்கு இந்தப் பிரிவு உதவும். ஆனால் இதை முதல் நாளே சொல்லிவிட்டால், பிள்ளைகள் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிலத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். நான் முதலில் சொல்வது வேறு: பூமியின் உள்ளிருந்து வரும் விசை நிலத்தைத் தூக்குகிறது, மடிக்கிறது, உடைக்கிறது, வெளியிலிருந்து வெயில், மழை, ஆறு, காற்று, அலை, பனி ஆகியவை அதைத் தேய்த்து, அரித்து, வேறோரிடத்தில் கொண்டுபோய்ப் படியவைக்கின்றன. நாம் பார்க்கும் எந்த மேடும் பள்ளமும் இந்த இரண்டு வேலைகளும் இன்னும் முடியாத நிலையில் இருப்பவை.

எங்கிருந்து தொடங்குவது? இமயமலையிலிருந்துதானே?

பாடநூல்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. பெங்களூருப் பிள்ளைக்கு அது தேவையில்லை. லால்பாக் தோட்டத்துக்குள் கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை, ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் பழையது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்து, அங்கே பலகையும் வைத்திருக்கிறது. இமயமலையைவிடப் பல மடங்கு மூத்த பாறைமேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். பலகையைப் படிப்பவர்கள்தாம் குறைவு.

காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் பதினொரு மணிக்கு அழைத்துப்போய், உட்கார வைத்த பிள்ளைகள் அத்தனை பேரும் துள்ளி எழுந்ததைப் பார்த்த பிறகு நானும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஆனால் அந்தச் சூடே பின்னர் ஒரு பாடமாயிற்று. பகலில் இவ்வளவு சுடுகிற பாறை இரவில் குளிர்கிறது. விரிந்து சுருங்கியே அதன் மேற்புறம் தளர்கிறது. அதோடு, இந்தப் பாறை ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் ஆழத்தில் பெரும் பாரத்தின் கீழ் இருந்தது. மேலே இருந்தவையெல்லாம் அரித்துப் போனபின் பாரம் நீங்கிப் பாறை சற்று விரிந்தபோது, வெங்காயம் போலத் தகடு தகடாகப் பிளவுகள் விழுந்தன. பாறையின் சரிவில் கை அகலத் தடிமனில் தகடுகள் பெயர்ந்து நிற்பதைப் பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

பிறகு குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளிர்நிறக் கோடும் கருநிறக் கோடும் மாறி மாறி, சில இடங்களில் நேராகவும் சில இடங்களில் பிசைந்த மாவுபோல வளைந்தும் ஓடும். இது நைஸ் என்னும் உருமாறிய பாறை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் கனிமங்கள் வரிவரியாக ஒதுங்கியதால் வந்த கோடுகள் இவை. ஆங்காங்கே சிறு குழிகளில் மழைநீர் தேங்கி, அதன் விளிம்பு உதிர்ந்து, குழிக்குள் ஒரு பிடி மண் சேர்ந்து, அதில் புல் முளைத்திருக்கும். பாறை மண்ணாவதை இவ்வளவு அருகில் காட்ட இதைவிட நல்ல இடம் நகருக்குள் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தின் செம்மண்ணும் இத்தகைய பாறை சிதைந்து உண்டானதே. அதிலுள்ள இரும்பு துருப்பிடித்ததால் சிவந்திருக்கிறது என்று சொன்னால், வீட்டு கேட்டில் துருவைப் பார்த்த பிள்ளைக்கு உடனே விளங்கும்.

பெங்களூரு மலையா, சமவெளியா? என் மகன் 'தட்டையாக இருக்கிறது, அதனால் சமவெளி' என்கிறான்.

உங்கள் மகன் கண்ணால் கண்டதைச் சொல்கிறான். அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். பீடபூமியின் சிக்கலே அதன்மேல் நிற்பவருக்கு அது தெரியாது என்பதுதான். மொட்டைமாடியில் பாயைப் போட்டுப் படுத்திருக்கும் எறும்பளவு ஆளுக்கு, தான் மூன்றாம் மாடியில் இருப்பது எப்படித் தெரியும்? விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த விளிம்பை நம் பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கடக்கிறார்கள், தூக்கத்தில். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை கடலோரத்தில் இருக்கிறது. பகல் ரயிலில் சென்னைக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பல நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகையில், ஊர்ப்பெயருக்குக் கீழே, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பங்காருபேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று வண்டி நிற்கும் இடங்களிலும் மெதுவாகக் கடக்கும் இடங்களிலும் அந்த எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். குப்பத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே எண் விறுவிறுவென்று இறங்கும். ஜன்னலுக்கு வெளியே குன்றுகள் நெருங்கிவரும். வீடு திரும்பியதும் அந்த எண்களை வரைபடத்தாளில் புள்ளிகளாக வைத்து இணைத்தால், பீடபூமியின் பக்கவாட்டுத் தோற்றம் பிள்ளையின் கையாலேயே வரைந்து கிடைத்துவிடும். காரில் போவோருக்கு, ஓசூர் வரை ஒரே மட்டமாகப் போகும் சாலை சூளகிரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரியை நோக்கி இறங்குவது தெரியும். சிலருக்குக் காதும் அடைத்துத் திறக்கும்.

தக்காணப் பீடபூமி எரிமலைக் குழம்பால் ஆனது என்று பாடத்தில் உள்ளதே. அப்படியானால் நம் ஊரும் எரிமலைப் பாறைதானா?

இல்லை, இது மிகப் பரவலான குழப்பம். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பிளவுகளின் வழியே குழம்பு பொங்கி, அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பகுதி, மகாராட்டிரத்தின் பெரும்பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் உள்ளடக்கியது. கர்நாடகத்தில் பெலகாவி போன்ற வடபகுதிகளில் அதன் ஓரம் உண்டு. பெங்களூரு இருப்பது மைசூர்ப் பீடபூமியின்மேல். இங்கே காலடியில் இருப்பது பழமையான நைஸும் கிரானைட்டுமே. மும்பையில் உறவினர் இருந்தால், அங்கிருந்து கருங்கல் துண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இங்குள்ள கல்லின் அருகே வைத்துக் காட்டுங்கள். பசால்ட் என்னும் அந்தக் கல்லில் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை, ஏனெனில் குழம்பு தரைக்கு மேல் வந்து விரைவாக ஆறியது. நம் ராமநகரக் கிரானைட்டில் மணிகள் பருப்பளவு பெரியவை, ஏனெனில் அது ஆழத்திலேயே மிக மெதுவாக ஆறியது. ராமநகரத்துக் குன்றுகளும் சாவனதுர்க்கமும் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி ஆழத்தில் ஆறியவை. மேலிருந்த பாறை அரிக்கப்பட்ட பிறகே வெளியே தலைகாட்டின. 1,226 மீட்டர் உயரமுள்ள சாவனதுர்க்கத்தை யாரும் கொண்டுவந்து வைக்கவுமில்லை, அது தரையைத் துளைத்துக்கொண்டு முளைக்கவுமில்லை. சுற்றியிருந்தது தேய்ந்து போயிற்று, உறுதியானது நின்றுவிட்டது.

அப்படியானால் மலைகள் எல்லாமே மிச்சம் நிற்பவைதானா? இமயமலை?

இல்லை, ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு வரலாறு. இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டின்மேல் மோதத் தொடங்கியது ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன். இடையில் இருந்த டெதிஸ் கடலின் அடியில் படிந்திருந்த படிவுகள் நெருக்கப்பட்டு, மடிந்து, உயர்ந்தன. 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டின் உச்சிப்பாறை கடலடியில் உண்டான சுண்ணாம்புக்கல். அதில் கடலுயிர்களின் படிமங்கள் உள்ளன. இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நகர்கிறது. மலையும் இன்னும் உயர்கிறது, தேயவும் செய்கிறது.

மடிப்பைக் காட்ட, மேசைமேல் இரண்டு மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து இரு கைகளாலும் நெருக்கினால் போதும். நாம் அடிக்கடி போகும் மேற்குத் தொடர்ச்சி மலை இப்படி மடிந்தது அல்ல என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லா மலையையும் துண்டு மடிப்பாகவே பிள்ளைகள் நினைப்பார்கள். பழைய பெருநிலம் உடைந்து பிரிந்தபோது உண்டான விளிம்பு உயர்ந்தும் அரிக்கப்பட்டும் நிற்பதே அந்தத் தொடர். மங்களூரிலிருந்து வரும்போது அது மலையேற்றமாகவும், இங்கிருந்து போகும்போது திடீர் இறக்கமாகவும் தோன்றுவது அதனால்தான். மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்த காலத்து எரிமலைப் பாறையை, உடுப்பிக்கு அருகே மால்பே கடற்கரையிலிருந்து படகில் போய்ச் செயின்ட் மேரீஸ் தீவுகளில் பார்க்கலாம். ஆறிச் சுருங்கியபோது அது அறுகோணத் தூண்களாக வெடித்திருக்கிறது.

வினிகரும் சமையல் சோடாவும் கலந்து எரிமலை செய்து காட்டலாமா?

பிள்ளைகள் மகிழ்வார்கள், ஆனால் எரிமலை ஏன் வெடிக்கிறது என்பதில் ஒன்றும் கற்கமாட்டார்கள். உள்ளே இரு பொருள்கள் கலந்து நுரைப்பதால் எரிமலை வெடிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கோலி சோடாவை வாங்கி, கோலியை அழுத்தும் கணத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் விட்டதும் குமிழாகி நீரையும் தூக்கிக்கொண்டு வருகிறது. பாறைக்குழம்பில் கரைந்துள்ள வாயுவும் அப்படியே. குடித்தும் விடலாம் என்பது கூடுதல் வசதி. இந்தியாவில் உயிர்ப்புள்ள எரிமலை எங்கே என்று கேட்டால், அந்தமானில் உள்ள பாரன் தீவைச் சொல்லுங்கள்.

ஆறு செய்யும் வேலையை வீட்டிலேயே காட்ட முடியுமா?

முடியும், இதற்கு ஒரு பழைய தாம்பாளமோ அகலமான பிளாஸ்டிக் தட்டோ போதும். பால்கனியில் வைத்து ஒரு பக்கத்தை இரண்டு செங்கல்லால் உயர்த்துங்கள். செம்மண், கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து கேட்டு வாங்கிய எம்-சாண்ட், கோலப்பொடி ஆகிய மூன்றையும் கலந்து, உயர்ந்த பக்கத்தில் நான்கு விரல் உயரத்துக்குக் குவித்து, லேசாக நனைத்து அமுக்குங்கள். கோலப்பொடி என்றால் கல்லை அரைத்த பொடி. நான் முதல்முறை அரிசிமாவைப் போட்டுவிட்டுத் தட்டு முழுக்கக் கூழாகிப் பிள்ளைகளின் சிரிப்புக்கு ஆளானேன். மூடியில் ஊசியால் ஒரே ஒரு துளையிட்ட தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து, மேட்டின் உச்சியில் மெல்லிய தாரையாக விடுங்கள்.

முதலில் ஒன்றும் நடக்காது, நீர் உறிஞ்சப்படும். பொறுமையாக இருங்கள். பிறகு ஒரு நூல்போன்ற ஓடை கிளம்பி, மேட்டுப் பகுதியில் நேராகவும் ஆழமாகவும் வெட்டிக்கொண்டு இறங்கும்: இது ஆற்றின் இளமை நிலை. இரு கரைகளும் சரிந்து விழ, பள்ளம் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். சரிவு குறையும் இடத்துக்கு வந்ததும் நீர் தயங்கும், சுமந்துவந்ததைப் போட்டுவிடும், போட்டதே தடையாகி, நீர் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து விசிறிபோல் பரவும். அந்த விசிறியை உலரவிட்டு, அடுத்த நாள் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டின் அடியில் எம்-சாண்டின் பருமணிகள் கிடக்கும், விளிம்பில் வெள்ளைப் பொடி மெழுகியதுபோல் படிந்திருக்கும். பாரமானதை ஆறு முதலில் கைவிடுகிறது, நுண்ணியதை நெடுந்தூரம் கொண்டுபோகிறது. தஞ்சாவூர் வயல்மண் ஏன் பிசுபிசுவென்று வண்டலாக இருக்கிறது என்பதற்கும், ஒகேனக்கல்லில் ஏன் உருண்டைக் கற்கள் கிடக்கின்றன என்பதற்கும் விடை அந்தத் தட்டிலேயே உள்ளது.

இன்னொரு சோதனை: ஓடையின் வழியில் ஒரு நாணயத்தைப் பதித்து வைத்தால், அதன்கீழ் உள்ள மண் காப்பாற்றப்பட்டு, முன்புறம் அரிக்கப்பட்டு, நீர் அதன் விளிம்பிலிருந்து குதிக்கும். சிவசமுத்திரத்தில் காவிரி குதிப்பதும் கெட்டியான பாறையின் விளிம்பிலிருந்துதான்.

எம்-சாண்டைத் தனியாக ஒரு தாளில் தூவி, லென்ஸில் காட்ட மறவாதீர்கள். அது கிரானைட்டை எந்திரத்தில் உடைத்தது. முனைகள் கூராக இருக்கும். ஊருக்குப் போகும்போது ஒரு பிடி ஆற்று மணலை எடுத்துவந்து பக்கத்தில் தூவினால், அதன் முனைகள் மழுங்கியிருப்பது தெரியும். உருண்டு உருண்டு வந்த தூரம் அதன் உடம்பில் எழுதியிருக்கிறது.

பெங்களூருவில் ஆறே இல்லையே, எதைக் காட்டுவது?

பெரிய ஆறு இல்லை என்பது உண்மை. அதற்குக் காரணமே ஒரு நிலத்தோற்றப் பாடம். நகரம் ஒரு மேட்டு முதுகின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் கூரையின் முகட்டில் விழும் மழை இரு பக்கமும் பிரிந்து வடிவதுபோல, இங்கே விழும் மழை கிழக்கே ஒரு பங்காகவும் மேற்கே ஒரு பங்காகவும் பிரிகிறது. ஆறு கூரையின் ஓரத்தில்தான் சேரும், முகட்டில் சேராது.

மேற்குப் பக்கம்: பசவனகுடியில் நந்தி கோயில் அருகே தோன்றுவதாகச் சொல்லப்படும் விருசபாவதி, இன்று சாக்கடைபோல ஓடினாலும், அர்க்காவதியில் சேர்கிறது, அர்க்காவதி கனகபுரத்துக்கு அப்பால் சங்கமத்தில் காவிரியோடு கலக்கிறது, அங்கிருந்து மேக்கேதாட்டு, ஒகேனக்கல், மேட்டூர், தஞ்சைப் படுகை, பூம்புகார். மேக்கேதாட்டுவில் நீர் குறுகிய பாறையிடுக்கில் பாயும் இடத்தில், சுழலில் சிக்கிய கற்கள் அரைத்தரைத்துப் பானைபோன்ற குழிகளைக் குடைந்திருப்பதைத் தொலைவில் நின்றே காட்டுங்கள். நீரருகே போவது ஆபத்து.

கிழக்குப் பக்கம்: எங்கள் அல்சூர் ஏரி நிரம்பி வழிந்தால் நீர் பெல்லந்தூர் ஏரிக்கும், அதிலிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போய், தட்சிண பினாகினி ஆற்றில் விழும். கன்னட மண்ணில் தட்சிண பினாகினி என்று ஓடுவது, தமிழ் மண்ணில் தென்பெண்ணை. ஓசூரில் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர் அருகே வங்கக் கடல். இதை முதன்முதலில் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய அன்று, கடலூரில் பாட்டி இருக்கும் ஒரு மாணவி வகுப்பு முடிந்தும் எழுந்து போகவில்லை. நாம் ஊற்றும் அழுக்கும் அதே வழியில்தான் போகிறது. பெல்லந்தூர் நுரையைப் பற்றிச் செய்தியில் பார்த்த பிள்ளைகள் இதைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

ஏரிகளைப் பற்றி ஒரு திருத்தம். பெங்களூரு ஏரிகளில் பெரும்பாலானவை தாமாக உண்டானவை அல்ல. சரிவான நிலத்தில் பள்ளத்தின் குறுக்கே கரை எழுப்பி, ஒன்றின் வழிவு அடுத்ததற்குப் போகுமாறு முன்னோர் அமைத்த சங்கிலி. நிலத்தின் வடிவத்தை அவர்கள் கருவியில்லாமல் வாசித்திருக்கிறார்கள். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. பெருமழையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பிள்ளைகளைக் குறிக்கச் சொன்னால், பழைய பள்ளத்தாக்கின் வரைபடம் ஒன்று மெல்லத் தெரியவரும்.

கடலும் காற்றும் செய்யும் நிலத்தோற்றங்களைக் காட்ட இங்கே வழியில்லையே?

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். சென்னை மெரினா நல்ல எடுத்துக்காட்டு: கிழக்குக் கரையோரம் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் அதன் தென்புறம் சேர்ந்து மெரினா அகன்றது, வடபுறம் ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரிக்கப்பட்டது. காற்றுக்கு, திருச்செந்தூர் அருகே குதிரைமொழித் தேரி. 'தேரி' என்னும் நம் சொல் அந்தச் செம்மணல் மேடுகளுக்கே உரியது. திருச்செந்தூர் போகும் குடும்பங்கள் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஐந்திணையை வைத்தே நிலத்தோற்றம் கற்பிக்கலாமே? நமக்கே உரியது அல்லவா?

ஆசை நியாயமானது; நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் குறிஞ்சி என்பது மலை மட்டுமன்று. அங்குள்ள தெய்வம், தொழில், உணவு, பொழுது, காதலின் நிலை எல்லாம் சேர்ந்தது. திணை நிலத்தில் மனிதர் வாழும் முறையைச் சொல்கிறது. நிலம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்லும் நோக்கம் அதற்கு இல்லை. ஒன்றை மற்றொன்றாக்கினால் இரண்டும் கெடும். எனவே நிலம் உண்டான கதையைச் சொல்லி முடித்தபின், 'இந்த நிலத்தில் எப்படி வாழ்ந்தார்கள்?' என்று கேட்டுத் திணைக்குள் நுழைவது என் வழக்கம். ஒரு விதிவிலக்கு உண்டு. பாலை என்பது தனி நிலமாக இல்லாமல், முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த வடிவம் என்று பழந்தமிழர் எண்ணியது, நிலம் மாறக்கூடியது என்னும் எண்ணத்துக்கு மிக நெருங்கியது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

300 கோடி ஆண்டு என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்?

எனக்கே புரியாது. ஆகவே ஒரு புடவையை எடுத்துக்கொள்வேன். ஐந்தரை மீட்டர்ப் புடவையை வராந்தாவில் நீளமாக விரித்து, முந்தானை விளிம்பை இன்று என்று வைத்து, ஒரு சென்டிமீட்டர் ஒரு கோடி ஆண்டு என்று கொள்ளுங்கள். பூமி பிறந்தது 454 சென்டிமீட்டரில். அதற்கு அப்பால் உள்ள துணியை மடித்து வையுங்கள். லால்பாக் பாறைக்கு 300-இல் ஒரு ஊக்கு, ராமநகரத்துக்கு 250-இல் ஒரு ஊக்கு. டைனோசர்கள் அழிந்ததும் தக்காணத்துக் குழம்பு பொங்கியதும் 6.6 சென்டிமீட்டரில், முந்தானையின் கரைக்குள்ளேயே. இமயமலை அதற்கும் இந்தப் பக்கம், 5-இல். மனித இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள். அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, விளிம்பில் ஓடும் கடைசி இழை. பிள்ளைகள் புடவையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவார்கள்; ஓடட்டும். பட்டுப் புடவை வேண்டாம்.

தமிழில் சொல்லிக்கொடுத்தால் பள்ளியில் குழம்பிவிட மாட்டார்களா?

இதுவரை யாரும் குழம்பவில்லை. பொருள் விளங்கிய பிறகு பெயர் எத்தனை மொழியில் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும். இங்கே கன்னடமும் துணைக்கு வருகிறது. பெட்டா என்றால் மலை, குட்டா என்றால் குன்று, தின்னே என்றால் மேடு, கெரே என்றால் ஏரி, பண்டே என்றால் பாறை, கவி என்றால் குகை. அரகெரே, குட்டதஹள்ளி, கொத்தனூர் தின்னே, கவிபுரம் என்று பேருந்துப் பலகையில் பார்க்கும் பெயர்களெல்லாம் நிலத்தோற்றப் பெயர்கள் என்று தெரியும்போது பிள்ளைகள் வழியெல்லாம் படிக்கத் தொடங்குகிறார்கள். தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாவதால் நம் பள்ளம் அங்கே ஹள்ள ஆகிறது. 2,637 மீட்டர் உயரத்தில் தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமாக நிற்கும் தொட்டபெட்டாவின் பெயருக்குப் பெரிய மலை என்பதே பொருள்.

நிலச்சரிவுச் செய்திகளைக் கண்டு பிள்ளை பயப்படுகிறாள். என்ன சொல்வது?

2024 சூலை 30 அன்று வயநாட்டில் நடந்த பெருஞ்சரிவுக்குப் பின் எங்கள் வகுப்பிலும் இதே கேள்வி வந்தது. பயம் வேண்டாம் என்று மட்டும் சொல்வது போதாது. செங்குத்தான சரிவு, அதன்மேல் தடித்த மண், அளவுக்கு மிஞ்சிய மழை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் சரிவு நேர்கிறது. வெட்டிய சரிவிலும் மரம் இழந்த சரிவிலும் வாய்ப்பு கூடுகிறது. தாம்பாளத்தில் மண்ணைக் குவித்து நீர் ஊற்றியபோது கரை சரிந்ததை நினைவுபடுத்திவிட்டு, நாம் இருக்கும் இடம் சரிவு குறைந்த பீடபூமி என்பதையும் சொல்லலாம். அதோடு, சரிவான ஊரில் வாழ்வோருக்கு மழை எச்சரிக்கை ஏன் உயிர்காக்கும் செய்தி என்பதையும் வளர்ந்த பிள்ளைகளிடம் பேசலாம்.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று எப்படி அறிவது?

வரையறை கேட்காதீர்கள். ஒரு நிழற்படத்தைக் கொடுத்து, 'இது முன்பு எப்படி இருந்திருக்கும், இனி எப்படி ஆகும்?' என்று இரண்டு படம் வரையச் சொல்லுங்கள். நந்தி மலையின் படத்தைக் கொடுத்தால், முன்பு என்ற படத்தில் அதைச் சுற்றி உயர்ந்த நிலமும், இனி என்ற படத்தில் இன்னும் குட்டையான மலையும் வருகிறதா என்று பாருங்கள்.

சில வேளை படம்கூட வேண்டியிருக்காது. மேலே சொன்ன மாணவி பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் தென்பெண்ணை மணலைக் கொண்டுவந்திருந்தாள். வகுப்பு தொடங்கும் முன்பே மேசையில் வைத்துவிட்டு, "மிஸ், இதில கொஞ்சம் நம்ம ஊர்ப் பாறையும் இருக்குமா, இல்லை அணையிலேயே நின்னு போயிருக்குமா?" என்று கேட்டாள். லென்ஸை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.